வாசகர் கேள்விகள்: வாங்கிய தோலை எங்கே, எப்படி வைப்பது?

வீட்டிலேயே சிறிய பட்டறை வைத்துத் தோல் வேலை செய்கிறவர்களின் கேள்விகள் இந்த முறை. தைப்பது, வெட்டுவது, சாயம் போடுவது பற்றி நிறைய வரும் என்று நினைத்திருந்தேன். வந்தவற்றில் முக்கால்வாசி, வாங்கிய தோலை எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான். எனக்கு இதில் சந்தோஷம். 20 வருடங்களாகப் பை, பெல்ட், புத்தக உறை தைக்கிறவள் நான். என் பட்டறை 10 அடிக்கு 9 அடி அறை. அதற்குள் வெட்டு மேசை, தையல் மெஷின், அப்புறம் 11 சுருள் தோல். தைத்துக் கெடுத்ததைவிட, வைத்த இடத்தில் கெட்டுப் போனதுதான் எனக்கு அதிகம். அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: முதன்முதலாக ஒரு மாட்டின் பாதித் தோலை, அதாவது ஒரு பக்கம் முழுவதையும் வாங்கியிருக்கிறேன். 22 சதுர அடி. விரித்து வைக்க வீட்டில் இடமில்லை. மடித்து அலமாரியில் வைக்கலாமா? சுருட்டினால் எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும்?

பதில்: மடிக்காதீர்கள். இரண்டு நாள்தானே என்றும் மடிக்காதீர்கள். தோலின் மேல்முகத்தில், அதாவது முடி இருந்த வழவழப்பான பக்கத்தில், இழைகள் மிக நுண்ணியவை, நெருக்கமானவை. சதையை ஒட்டியிருந்த உள்பக்கத்தில், அதாவது சதைமுகத்தில், அவை தளர்வாக இருக்கும். மடிப்பு விழும் இடத்தில் மேல்முகத்து இழைகள் நசுங்கிவிடுகின்றன. குரோம் உப்பில் பதனிட்ட மெல்லிய தோலாக இருந்தால் நாளடைவில் அந்தக் கோடு ஓரளவு தணியும். பட்டை, காய்ச் சாறுகளில் பதனிட்ட தோலில், நாம் வெஜ் டேன் என்கிறோமே, அதில் கோடு கோடுதான். ஈரப்படுத்திப் பலகைக்கு அடியில் வைத்து அழுத்தினாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

ஆகவே சுருட்டுங்கள், மேல்முகம் வெளியே இருக்கும்படி. அழகான பக்கம் உள்ளே பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மேல்முகம் உள்ளே போனால் அது நெருக்கப்பட்டு, முழங்கையின் உட்புறத் தோல்போலச் சின்னச் சின்னச் சுருக்கங்களாக விழும். வெளியே இருந்தால் கொஞ்சம் இழுபடும், விரித்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். கீறல் விழுமே என்ற பயத்துக்கு, சுற்றிலும் ஒரு பழைய பருத்தித் துணி போதும்.

வெறுமனே சுருட்டாமல் ஒரு அட்டைக் குழலின்மேல் சுருட்டுங்கள். துணிக்கடையிலும் கம்பளம் விற்கிற கடையிலும் தூக்கிப் போடுகிற குழல்கள் இதற்கு நன்றாக இருக்கும். 2 மில்லிமீட்டர் கனம் வரை உள்ள தோலுக்கு 10 சென்டிமீட்டர் விட்டம், அதற்கு மேல் 15 சென்டிமீட்டராவது என்று நான் வைத்திருக்கிறேன். கட்டுவதற்கு இரண்டு விரல் அகல நாடா. ரப்பர் பேண்ட் வேண்டாம். அதில் கந்தகம் இருக்கிறது, சில மாதங்களில் இளகி ஒட்டிக்கொண்டு தடம் பதித்துவிடும். மெல்லிய நூலும் வேண்டாம், அது வெட்டினதுபோல உள்ளே இறங்கும்.

சுருளைப் படுக்க வையுங்கள். மூலையில் நிற்க வைத்தால் முழு எடையும் கீழ் விளிம்பில் இறங்கி, அந்த ஓரம் அலை அலையாக விரிந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம். கனத்த தோல் அடியில், மெல்லியது மேலே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இடம் குறைவாக இருந்தால், தோல் வந்த வாரமே அதைப் பகுதி பகுதியாக வெட்டிவிடுங்கள். முதுகுப் பகுதி கெட்டியானது, இழுபடாது. அது பெல்ட்டுக்கும் கைப்பிடிக்கும். தோள்பட்டைப் பகுதி பைக்கு. வயிற்றுப் பகுதி நெகிழும், அது உள்பைக்கும் சோதனைக்கும். முழுத் தோலைப் பார்க்கும்போது கத்தி வைக்க மனசு வராது. ஆனால் வெட்டாமல் நான் பாதுகாத்த முழுத் தோல்கள்தான் கடைசியில் மடிப்பும் கறையுமாக நின்றன. வெட்டிய மூன்று துண்டுகள் மேசைக்கு அடியில் ஒரு பலகைமேல் சமமாகப் படுத்திருக்கும். சுருட்டுகிற வேலையே இல்லை.

*

கேள்வி: தோல் கடையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வந்தது. அழுக்குப் படக்கூடாதென்று அப்படியே வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. பூசணமா? தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: தூக்கிப் போடுவதற்கு முன்னால் அது என்னவென்று பாருங்கள். தோலின்மேல் வெள்ளையாக வருவது பெரும்பாலும் இரண்டு வகை. பதனிடும்போது தோலுக்குள் ஏற்றிய கொழுப்பும் மெழுகும் குளிரில் மேலே வந்து உறைவது ஒன்று. பூசணம் மற்றொன்று. ஒரு இடத்தில் ஹேர் டிரையரின் வெதுவெதுப்பான காற்றைக் காட்டுங்கள். கொழுப்பாக இருந்தால் உருகித் தோலுக்குள்ளேயே போய்விடும். மெல்லிய துணியால் துடைத்தால் வேலை முடிந்தது, தோலுக்கு ஒரு கேடும் இல்லை. பூசணமாக இருந்தால் சூட்டுக்கு அசையாது. கிட்டத்தில் பார்த்தால் பஞ்சுபோல நார் நாராக, புள்ளி புள்ளியாகத் தெரியும். பிரித்ததுமே அடைத்துக் கிடந்த வாடை அடித்திருக்கும்.

பூசணம் என்றால் முதலில் அந்தத் தோலை மற்றத் தோல்களிடமிருந்து பிரித்து வெளியே கொண்டு போங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷால், உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூசணத்தின் விதைத் தூளை எல்லா இடத்துக்கும் பூசினதுபோல ஆகும். அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து, பிழிந்த துணியால் லேசாக ஒற்றுங்கள். சாயம் போட்ட தோலாக இருந்தால் ஓரத்தில் ஒரு இடத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ஆல்கஹால் சாயத்தை எடுக்கக்கூடும். நிழலில், காற்றோட்டத்தில் காயட்டும். வெயிலில் போட்டுவிட வேண்டாம். பூசணம் ஆழமாக இறங்கியிருந்தால் கறை தங்கும். கருப்புச் சாயம் போடப் போகும் வேலைக்கு அதை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது பிளாஸ்டிக் விஷயத்துக்கு வருகிறேன். பதனிட்ட பிறகும் தோல் ஈரத்தை வாங்கும், விடும். காற்று ஈரமானால் உள்ளே இழுக்கும், காற்று உலர்ந்தால் வெளியே விடும். சாதாரண நாளில்கூட அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். பிளாஸ்டிக் உறைக்குள் அந்த ஈரம் போக இடமில்லை. பகலில் சூடாகி ஈரத்தை விடுகிறது, இரவில் உறை குளிர்ந்ததும் அது துளியாகித் தோல்மேலேயே இறங்குகிறது. நாம் பாதுகாப்பு என்று நினைத்த உறை பூசணத்துக்குக் கட்டிக் கொடுத்த வீடாகிவிடுகிறது. தோல் கைக்கு வந்த அன்றே உறையைக் கழற்றுங்கள். ஒரு நாள் முழுக்க மேசைமேலோ கட்டில்மேலோ விரித்துப் போடுங்கள். பிறகு பருத்தித் துணியில் சுற்றுங்கள். துணி தூசியைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

பிவிசி விரிப்பும் வேண்டாம். அதை மிருதுவாக்கச் சேர்த்த ரசாயனம் கசிந்து தோலின் மேல்பூச்சைப் பிசுபிசுக்க வைக்கும். செய்தித்தாளில் சுற்றினால் மை தோலில் பதியும். என் புத்தக உறை ஒன்றில் யாரோ எழுதிய தலைப்புச் செய்தியின் பாதி வரி கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாக விழுந்திருந்தது, அதை எடுக்கவே முடியவில்லை.

*

கேள்வி: என் வெஜ் டேன் தோலில் திடீரென்று கருநீலப் புள்ளிகள். தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், அதிகமாகிவிட்டது. இது என்ன நோய்?

பதில்: நோய் இல்லை, இரும்பு. இதே இடத்தில் நான் அழுதிருக்கிறேன். வேலையைத் தொடங்கிய மூன்றாவது வருடம், சாணைக் கல்லை வெட்டு மேசையின் ஓரத்தில் வைத்துக் கத்தி தீட்டுவேன். இரண்டடி தள்ளித் தோல் சுருள். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள் அதன்மேல் மாதக்கணக்கில் இறங்கியிருக்கிறது. தோல் உலர்ந்திருந்த வரை ஒன்றும் தெரியவில்லை. வேலைப்பாடு செய்வதற்காக ஸ்பாஞ்சால் தண்ணீர் தடவிய ஐந்தாவது நிமிடம், மிளகைத் தூவியதுபோல முழுக்கக் கருப்புப் புள்ளிகள்.

வெஜ் டேன் தோல் முழுக்க டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஈரம் பட்டால் அது இரும்போடு சேர்ந்து கருநீலமாகிறது. பழைய காலத்தில் கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியது இதே வினைதான். இரும்பை வினிகரில் ஊற வைத்து, அந்த நீரைத் தடவி வேண்டுமென்றே தோலைக் கருப்பாக்குகிறவர்களும் உண்டு. அவ்வளவு உறுதியான நிறம் அது. உங்கள் தோலில் தண்ணீர் பட்டதும் அதிகமானதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

புதுக் கறையாக இருந்தால் எலுமிச்சைச் சாற்றில் பாதி தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றுங்கள். நிறம் மங்கி மறையும். பிறகு சுத்தமான தண்ணீரால் அந்த இடத்தைத் துடைத்து அமிலத்தை எடுத்துவிடுங்கள், விட்டுவிட்டால் தோலை அரிக்கும். பழைய கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் உதவும். ஆனால் அது விஷம். கையுறை இல்லாமல் தொட வேண்டாம், குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம் என்பேன்.

வைக்கும் இடத்தைப் பாருங்கள். இரும்பு ராக்கா? தட்டின்மேல் கெட்டியான துணியோ பலகையோ போடுங்கள். குண்டூசி, கிளிப், பேப்பர் கிளிப் எதுவும் தோலில் குத்தியோ மாட்டியோ இருக்கக் கூடாது. சாணை பிடிப்பது வேறு அறையில். என் சாணைக் கல் இப்போது வாசலுக்கு வெளியே இருக்கிறது.

*

கேள்வி: அறையின் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்? மீட்டர் வாங்குவது அவசியமா?

பதில்: அவசியம். சிறிய டிஜிட்டல் மீட்டர் போதும். 45 முதல் 55 சதவீதம் நல்லது. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரத் தயாராகிவிடும். 30க்குக் கீழே போனால் தோல் விறைக்கும், ஓரங்கள் சுருளும். ஆனால் எண்ணைவிட ஏற்ற இறக்கம்தான் எனக்குக் கவலை. 60லேயே வருடம் முழுக்க நிற்கும் அறையில் தோல் நன்றாக இருக்கும். பகலில் 40, இரவில் 75 என்று ஆடும் அறையில் தினமும் விரிந்து சுருங்கி அலுத்துப் போகும்.

மலிவான மீட்டர்கள் சில சமயம் தப்பாகக் காட்டும். சரிபார்ப்பது எளிது. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல்போல ஆகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள், கரையக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து இறுக்கி மூடி, ஒரு நாள் விடுங்கள். அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உங்கள் மீட்டர் 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

அறை ஈரமாக இருந்தால் பலரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சுருளுக்குள் போடுகிறார்கள். திறந்த அறையில் அது வீண். அறை முழுவதின் ஈரத்தை ஒரு பொட்டலம் குடிக்க முடியாது. மூடிய பெட்டிக்குள் போட்டால் வேலை செய்யும், ஆனால் அளவு மிஞ்சினால் தோலையும் உலர்த்திவிடும். ஒரு சின்ன மின்விசிறியை மெதுவாக ஓட விட்டு அலமாரிக்குப் பின்னால் காற்று போக வழி செய்வது இதைவிட மேல்.

*

கேள்வி: பரண், கட்டிலுக்கு அடி, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி. இந்த மூன்றுதான் எங்கள் வீட்டில் காலி.

பதில்: கட்டிலுக்கு அடி. பரணில் வெப்பம் ஏறி இறங்கும், நீங்களும் ஏறிப் போய்ப் பார்க்க மாட்டீர்கள். வெளிச்சுவர் உட்புறத்தைவிடக் குளிர்ந்திருக்கும், அதை ஒட்டியுள்ள காற்றில் ஈரம் தங்கும். அலமாரிதான் வேண்டுமென்றால் சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு கை நுழைகிற இடைவெளி விடுங்கள். கட்டிலுக்கு அடியிலும் நேரே தரையில் வேண்டாம். ஒரு பலகை, அதற்குக் கீழே காற்றுப் போக ஒரு சாண் உயரம்.

*

கேள்வி: பூச்சி வராமல் பாச்சை உருண்டை போடலாமா?

பதில்: நான் போடுவதில்லை. அந்த ஆவி மூச்சுக்குக் கெடுதல், சிறிய அறையில் அதோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் நீங்கள். வாடையும் தோலில் ஏறிவிட்டால் போகாது. தைத்த பையை வாங்கியவர் திறக்கும்போதெல்லாம் அதுதான் அடிக்கும்.

பதனிட்ட தோலைத் தின்னும் பூச்சிகள் குறைவு. முடியோடு உள்ள தோலும், நாள்பட அசைக்காமல் கிடக்கும் தோலும்தான் தோல் வண்டுக்கும் அதன் புழுவுக்கும் பிடித்தவை. அவற்றுக்கு இருட்டும் அமைதியும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சுருளையும் விரித்து உதறிப் பாருங்கள். சிறிய ஓட்டைகள், புழு உரித்துப் போட்ட மயிர் மயிரான சட்டைகள், தூள் ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரிக்குப் போகும் உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். அருங்காட்சியகங்களில் செய்கிற முறை இது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். இல்லையென்றால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தோல்மேல் வியர்த்துவிடும். பிளாஸ்டிக்கை நான் சிபாரிசு செய்யும் ஒரு சில இடங்களில் இது ஒன்று.

*

கேள்வி: பூ வேலைப்பாடு செய்யத் தோலை நனைத்தேன். பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. நாளை தொடரலாமா?

பதில்: பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் முழுக்கக் காய விட்டு, பிறகு மறுபடி நனையுங்கள்.

*

கேள்வி: எடுத்து வைப்பதற்கு முன் எண்ணெய் தடவி வைத்தால் தோல் மிருதுவாக இருக்கும் என்கிறார் என் மாமா. அவர் சொல்வது சரியா?

பதில்: மாமா சொல்வது செருப்புக்கும் பைக்கும், அதாவது தேய்ந்து வெயிலும் மழையும் பட்ட பொருளுக்குச் சரி. வெட்டாத புதுத் தோலுக்குத் தேவையில்லை. பதனிட்டவர்களே போதுமான கொழுப்பை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். நீங்கள் தடவியது திட்டுத் திட்டாக இறங்கும், பின்னால் சாயம் போடும்போது அந்தத் திட்டுகள் எல்லாம் தெரியும். தோல் விறைத்திருந்தால் முதலில் ஒரு வாரம் நல்ல ஈரப்பதமுள்ள அறையில் விரித்துப் போடுங்கள். பெரும்பாலும் அதிலேயே மிருதுவாகிவிடும். சமையல் எண்ணெய் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும், பிசுபிசுக்கும்.

*

கேள்வி: ஜன்னல் பக்கம் வைத்திருந்த இயற்கை நிறத் தோலில் ஒரு பட்டை மட்டும் பழுப்பாகிவிட்டது.

பதில்: வெளிச்சம் பட்ட இடம் அது. சாயம் போடாத வெஜ் டேன் வெயிலில் நிறம் ஏறும், மேலே கிடந்த ஸ்கேலின் வடிவம்கூட அப்படியே பதியும். மீதி இடத்தையும் அளவாக வெயில் காட்டி ஓரளவு சமப்படுத்தலாம். இனித் துணி போட்டு மூடுங்கள்.

*

கேள்வி: நன்றாக வைத்தால் தோல் எத்தனை வருடம் இருக்கும்? காலாவதி உண்டா?

பதில்: இந்தக் கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் ஒரு கப்பல். 1786 டிசம்பரில் ‘மெட்டா காத்தரீனா’ என்ற கப்பல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜெனோவாவுக்குச் சணலும் கலைமான் தோலும் ஏற்றிச் செல்லும்போது, இங்கிலாந்தின் பிளிமத் கடற்பகுதியில் புயலில் சிக்கி மூழ்கியது. 1973இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். கட்டுக் கட்டாகத் தோல். மரப்பட்டையில் பதனிட்டு, பிர்ச் மர எண்ணெய் ஏற்றிய ரஷ்யத் தோல். ஏறக்குறைய 190 வருடம் கடலுக்கடியில் கிடந்த பின்னும், கழுவி, பதமாகக் காய வைத்து எண்ணெய் ஏற்றினால் வேலைக்கு ஆயிற்று. அதில் செருப்பும் பையும் தைத்தார்கள்.

காரணம், கருஞ்சேற்றுக்குள் புதைந்திருந்தது. காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, சூடும் குளிரும் மாறவில்லை. நம் வீட்டில் காற்றை நீக்க முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்தான் இருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பலவற்றின் தோல் அட்டையைத் தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டும். நிலக்கரிப் புகையிலும் எரிவாயு விளக்கிலும் வந்த கந்தகம், தோலுக்குள் அமிலமாகி இழையையே அரித்ததன் விளைவு அது. அந்த நிலைக்கு வந்த தோலைப் பழையபடி ஆக்க முடியாது. ஆகவே ஜெனரேட்டர், அடுப்பு, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றின் புகை வருகிற அறையில் தோலை வைக்க வேண்டாம்.

*

கேள்வி: துண்டுத் தோல்கள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. எதை வைத்துக்கொள்வது?

பதில்: என் கணக்கு இது. உள்ளங்கையைவிடச் சிறியது வேண்டாம். மீதியைக் கனத்தை வைத்துப் பிரியுங்கள், நிறத்தை வைத்து அல்ல. 1 மில்லிமீட்டர் வரை ஒரு தட்டு, 2 வரை ஒரு தட்டு, அதற்கு மேல் ஒரு தட்டு. தேவைப்படும்போது நாம் தேடுவது கனத்தைத்தான். வெஜ் டேனையும் அடர் சாயம் போட்ட குரோம் தோலையும் முகத்தோடு முகம் படும்படி அடுக்க வேண்டாம். சாயம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கும், வெள்ளைத் தோல்தான் முதலில் பலியாகும்.

ஒவ்வொரு தோலுக்கும், சுருளானாலும் துண்டானாலும், சதைமுகத்தின் ஓரத்தில் பென்சிலால் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன விலங்கு, எந்தப் பதம் (வெஜ் டேனா, குரோமா), எத்தனை மில்லிமீட்டர், எந்த மாதம் வாங்கியது. சுருளென்றால் மீதமுள்ள சதுர அடியும். ஒவ்வொரு முறை வெட்டியதும் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதுவேன். இருக்கிற தோலையே மறந்து மறுபடி வாங்கிய தவறு இதற்குப் பிறகு எனக்கு நேரவில்லை.

கழிக்கிற துண்டுகளை எரிக்காதீர்கள். குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறிச் சாம்பலிலும் புகையிலும் வரும். என் மேசைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு துணிப் பை தொங்குகிறது. நிறைந்ததும், சாவிக்கொத்து செய்து பழகும் பள்ளிப் பிள்ளைகள் வந்து எடுத்துப் போவார்கள்.